உணவு விதிகள் உருவாகும் வழியில் நுகர்வோரின் இடம்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இறுதியில், தயிர் உறையின் மீது எந்தச் சொல்லை அச்சிடுவது என்னும் வினா தென்மாநிலங்களில் பெரும் விவாதமாயிற்று. புளித்த பால் பொருள்களுக்கான தர வரையறையிலிருந்து ‘கர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் நீக்கப்பட்டிருந்தது. அதன் விளைவாக, கர்நாடகத்தின் நந்தினியும் தமிழ்நாட்டின் ஆவினும் தம் தயிர் உறைகளில் ‘தஹி’ என்ற சொல்லை முதன்மையாக அச்சிட வேண்டிய நிலை உருவானது. தமிழ்நாட்டு முதலமைச்சர் கண்டித்தார். கர்நாடகத்திலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பால் கூட்டமைப்புகள் முறையிட்டன. மார்ச் 30ஆம் நாள் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தன் நிலையைத் திருத்திக்கொண்டது. ‘கர்ட்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘தஹி’, ‘மொசரு’, ‘தயிர்’, ‘பெருகு’ என வட்டார வழக்குப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. பல முறையீடுகள் வந்தமையே இம்மாற்றத்திற்குக் காரணம் என்றும் ஆணையம் குறிப்பிட்டது.

இந்நிகழ்ச்சி இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. மக்கள் தெரிவிக்கும் கருத்துக்கு விதியை மாற்றும் ஆற்றல் உண்டு என்பது ஒன்று. அக்கருத்து விதி முடிவான பிறகு எழுந்தால், அதற்குள் குழப்பமும் செலவும் நேர்ந்துவிடும் என்பது மற்றொன்று. விதி முடிவாவதற்கு முன்பே கருத்துச் சொல்வதற்குச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அவ்வாயில் எங்கே இருக்கிறது, அதனுள் எவ்வாறு நுழைவது, அங்கே என்ன சொன்னால் பயன் விளையும் என்பவற்றை வாடிக்கையாளர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆணையமும் அதன் சட்டமும்

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டமே நெடுங்காலம் நம் நாட்டில் உணவுத் தரத்திற்கு அடிப்படையாக இருந்தது. அதனுடன், 1955ஆம் ஆண்டின் பழப் பொருள்கள் ஆணை, 1992ஆம் ஆண்டின் பால் மற்றும் பால் பொருள்கள் ஆணை எனத் தனித்தனி ஆணைகளும் வழங்கிவந்தன. ஒரே பொருளுக்குப் பல துறைகள் பல அளவுகோல்களை வைத்திருந்த நிலையை மாற்றுவதற்காக, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2008இல் ஆணையம் அமைந்தது. 2011 ஆகஸ்டு 5 முதல் விதிகளும் ஒழுங்குமுறைகளும் நடைமுறைக்கு வந்தன.

ஆணையம் மத்திய சுகாதார மற்றும் குடும்பநல அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. அதற்குத் தலைவர் ஒருவரும் 22 உறுப்பினர்களும் உண்டு. சட்டத்தின் 5ஆம் பிரிவு அவ்விடங்களைப் பகிர்ந்தளித்துள்ளது: மத்திய அமைச்சகங்களுக்கு 7, மாநிலங்களுக்கு 5, உணவு அறிவியலாளர்களுக்கு 3, உணவுத் தொழிலுக்கு 2, நுகர்வோர் அமைப்புகளுக்கு 2, உழவர் அமைப்புகளுக்கு 2, சில்லறை வணிகர் அமைப்புகளுக்கு 1. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். நுகர்வோர் சார்பில் அமர்வோர் இருவர் மட்டுமே என்பதை இங்கே கருத வேண்டும். நாடு முழுவதிலும் உள்ள குடும்பங்களின் உணவுப் பழக்கத்தையும் பொருளியல் நிலையையும் அவ்விருவர் வழியாக மட்டுமே எடுத்துரைத்துவிட இயலாது. பொதுமக்கள் கருத்துக்கேட்பு இக்குறையை ஓரளவு நிரப்புகிறது.

விதிகளை வகுப்பது ஆணையம். அவற்றைத் தெருவிலும் கடையிலும் நிறைவேற்றுவது பெரும்பாலும் மாநில அரசு. ஒவ்வொரு மாநிலத்திலும் உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒருவர் இருக்கிறார். பொதுநலன் கருதி ஓர் உணவுப் பொருளை ஓராண்டுக்கு மிகாத காலத்திற்குத் தடை செய்யும் அதிகாரம் அவருக்கு 30ஆம் பிரிவின்படி உண்டு. கோபி மஞ்சூரியனிலும் பஞ்சுமிட்டாயிலும் ரோடமின்-பி போன்ற செயற்கை நிறங்களைச் சேர்ப்பதற்குக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை விதித்ததையும், இட்லி வேகவைக்கும்போது பிளாஸ்டிக் தாள் பயன்படுத்துவதற்கு எதிராக 2025 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்ததையும் பெங்களூரு வாசகர்கள் அறிவர். இத்தகைய அவசர நடவடிக்கைகளுக்காக மக்கள் கருத்தைக் கேட்டுக் காத்திருக்க இயலாது. ஆனால் நிலையான தரங்களும் நீண்டகாலத் திட்டங்களும் வகுக்கப்படும்போது கேட்டாக வேண்டும்.

கருத்துக் கேட்பது ஏன் கட்டாயம்?

சட்டத்தின் 18ஆம் பிரிவு ஆணையம் பின்பற்ற வேண்டிய பொதுக் கோட்பாடுகளைக் கூறுகிறது. நாட்டில் வழங்கும் உணவு, வேளாண்மை, சேமிப்புப் பழக்கங்களையும் உலகத் தரங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். தீங்கின் அளவை அறிவியல் சான்றுகளின் அடிப்படையில், சார்பின்றி மதிப்பிட வேண்டும். அத்துடன், ஒழுங்குமுறைகளை உருவாக்கும்போதும் மதிப்பிடும்போதும் திருத்தும்போதும் மக்களின் கருத்தை ஒளிவுமறைவின்றிக் கேட்க வேண்டும். இதை நேரடியாகவோ, எல்லா நிலைப் பஞ்சாயத்துகள் உள்ளிட்ட பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியாகவோ செய்யலாம். உணவுப் பாதுகாப்பிலோ பொதுச் சுகாதாரத்திலோ அவசரம் நேர்ந்தால் மட்டுமே இக்கடமையிலிருந்து விலக்கு உண்டு. அவ்வாறு கருத்துக் கேளாமல் கொண்டுவரப்படும் ஒழுங்குமுறை ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கலாகாது.

92ஆம் பிரிவு மேலும் உறுதியாகப் பேசுகிறது. மத்திய அரசின் முன் ஒப்புதலைப் பெற்று, வரைவை முன்கூட்டியே வெளியிட்ட பின்னரே ஆணையம் ஒழுங்குமுறை வகுக்க முடியும். 93ஆம் பிரிவின்படி அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

இவை ஏட்டளவிலான நெறிகள் அல்ல என்பதை நீதிமன்றங்கள் தெளிவுபடுத்தியுள்ளன. ஊட்டப் பொருள்கள் போன்றவற்றுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என ஆணையம் 2013 மே மாதம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. அது 92, 93ஆம் பிரிவுகளின் நடைமுறையைப் பின்பற்றாமல் வெளியிடப்பட்டதால் சட்ட வலிமை அற்றது என 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நோக்கம் நல்லதாயினும், உரிய வழியில் வெளியிட்டு, கருத்துகளைப் பெற்று, நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வைத்தாலன்றி ஓர் அறிவுரை விதியாகிவிடாது என்பதே இத்தீர்ப்பின் சாரம்.

2024 ஆகஸ்டில் நிகழ்ந்ததும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பால் பொருள்களின் உறைகளில் ‘ஏ1’, ‘ஏ2’ என்ற உரிமைகோரல்களை நீக்குமாறு 21ஆம் நாள் ஆணையம் பணித்தது. தொடர்புடைய தரப்பினருடன் மேலும் கலந்தாலோசிக்க வேண்டும் எனக் கூறி, 26ஆம் நாளே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஐந்து நாள்களில் ஓர் உத்தரவு வந்து மறைந்தால், உறை அச்சிட்டவரும் வாங்குபவரும் ஒருங்கே குழம்புகின்றனர். கலந்தாலோசனை முதலிலேயே நடந்திருந்தால் அக்குழப்பத்தைத் தவிர்த்திருக்கலாம்.

ஒரு விதி கடந்துவரும் படிகள்

முதற்கட்டத்தில், துறை வல்லுநர்களைக் கொண்ட அறிவியல் குழுக்கள் பொருளை ஆராய்கின்றன. அவற்றின் பரிந்துரை அறிவியல் பேராயத்திற்குச் செல்கிறது. பின்னர் ஆணையம் ஒப்புகிறது. அமைச்சகம் இசைவு தருகிறது. அதன்பின் வரைவு அறிவிக்கை இந்திய அரசிதழில் வெளியாகிறது. ஆணையத்தின் இணையத்தளத்திலும் இடம்பெறுகிறது.

பொதுமக்களின் பங்கு இங்கே தொடங்குகிறது. ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் தெரிவிப்பதற்குப் பெரும்பாலும் 60 நாள்கள் தரப்படுகின்றன. அரசிதழின் படிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அக்காலம் கணக்கிடப்படுகிறது. 60 நாள் என்னும் அளவுக்குப் பன்னாட்டுப் பின்னணியும் உண்டு. வணிகத்தைப் பாதிக்கும் உணவுத் தர விதிகளைப் பற்றிப் பிற உறுப்பு நாடுகளும் கருத்துத் தெரிவிப்பதற்கு, உலக வணிக அமைப்பின் நடைமுறை பொதுவாக அத்தனை நாள்களை எதிர்பார்க்கிறது.

காலம் முடிந்தபின், வந்த கருத்துகள் தொகுக்கப்பட்டு மீண்டும் அறிவியல் குழுக்களின் பரிசீலனைக்குச் செல்கின்றன. வேண்டிய திருத்தங்களுடன் இறுதி அறிவிக்கை அரசிதழில் வெளியாகிறது. மரபணு மாற்றப்பட்ட உணவுகள் குறித்து 2021 நவம்பரில் வெளியான வரைவு, கருத்துகள் பெறப்பட்ட பின் திருத்தப்பட்டு 2022 நவம்பரில் மறு வரைவாக மீண்டும் மக்கள் முன் வைக்கப்பட்டது. ஒரே பொருளைப் பற்றி இருமுறை கருத்துச் சொல்லும் வாய்ப்பும் இவ்வாறு அமைவதுண்டு. சில வேளைகளில், இறுதி அறிவிக்கை வருமுன்பே, ஆணையம் தன் பணிப்பாணையின் மூலம் புதிய தரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகையால் கெடு முடியும் நாள்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே எழுதுவது நல்லது.

பெங்களூரு கண்ட ஒரு கருத்துக்கேட்பு

மக்கள் கருத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இந்நகரிலேயே ஒரு சான்று உண்டு. பி.டி. கத்தரியை வணிகமுறையில் பயிரிடுவதற்கு மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபர் 14ஆம் நாள் இசைவு அளித்தது. அக்கத்தரி வகைகளின் உருவாக்கத்தில் தனியார் விதை நிறுவனம் ஒன்றுடன் தார்வாடு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றிருந்தன. குழுவின் இசைவை அப்படியே ஏற்காமல், அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நடத்தினார். 2010 ஜனவரி 13ஆம் நாள் கொல்கத்தாவில் தொடங்கிய அத்தொடர், புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத் ஆகிய நகரங்களைக் கடந்து, பிப்ரவரி 6ஆம் நாள் பெங்களூருவில் நிறைவுற்றது. உழவர்கள், அறிவியலாளர்கள், மருத்துவர்கள், நுகர்வோர், தொண்டு நிறுவனத்தார் என ஏறத்தாழ 8,000 பேர் இக்கூட்டங்களில் பங்கேற்றனர்.

பெங்களூருக் கூட்டம் முடிந்த மூன்றாம் நாள், பிப்ரவரி 9ஆம் நாள், அமைச்சர் தம் முடிவை அறிவித்தார். பொதுமக்களும் வல்லுநர்களும் நிறைவுகொள்ளும் வகையில், சார்பற்ற ஆய்வுகள் அதன் பாதுகாப்பை நிறுவும்வரை பி.டி. கத்தரி வெளியீடு நிறுத்திவைக்கப்பட்டது. அம்முடிவை வரவேற்றோரும் உண்டு. அறிவியலுக்குப் பின்னடைவு என்று வருந்தியோரும் உண்டு. எப்பக்கம் நின்று நோக்கினாலும் ஓர் உண்மை மறுக்கவியலாதது. வல்லுநர் குழு ஒன்று முடிவெடுத்த பின்னரும் மக்களின் ஐயங்கள் எழுத்திலும் பேச்சிலும் பதிவாயின. அவற்றுக்கு அரசு காரணங்களோடு மறுமொழி கூற வேண்டியதாயிற்று. அமைச்சர் தம் முடிவுக்கான காரணங்களை விரிவான அறிக்கையாகவே வெளியிட்டார். கருத்துக்கேட்பு முழுமையடைவதற்குக் கருத்துகளைப் பெற்றால் மட்டும் போதாது. ஏற்றவற்றுக்கும் மறுத்தவற்றுக்கும் காரணம் கூறுவதும் வேண்டும்.

உறையின் முன்பக்கம்: முடியாத ஒரு விவாதம்

இன்று பெரும்பாலான குடும்பங்களைத் தொடும் விவாதம், பொட்டல உணவின் முன்பக்கத்தில் என்ன எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பதாகும். 2022 செப்டம்பர் 13ஆம் நாள் ஆணையம் ஒரு வரைவை வெளியிட்டது. ஆற்றல் அளவு, மொத்தச் சர்க்கரை, நிறைகொழுப்பு, சோடியம் ஆகியவற்றைக் குறைவுக்கான கணக்கிலும், பழம், காய்கறி, பருப்பு, சிறுதானியம், நார்ச்சத்து, புரதம் ஆகியவற்றை நிறைவுக்கான கணக்கிலும் கொண்டு, அரை விண்மீன் முதல் ஐந்து விண்மீன்கள் வரை குறியீடு வழங்கலாம் என அது முன்மொழிந்தது.

இதற்கு எதிராக ஒரு தரப்பினர் வலுவான வாதத்தை முன்வைத்தனர். விண்மீன் என்பது பாராட்டின் அடையாளம்; ஒரு விண்மீன் மட்டுமே பெற்ற பொருளையும் நுகர்வோர் ஓரளவு நல்லது என்றே எண்ணக்கூடும். அதிகச் சர்க்கரை இருந்தால் அதை நேரடியாக எச்சரிக்கும் குறியே வேண்டும் என்பது அவர்கள் நிலை. நிறைகளையும் குறைகளையும் சேர்த்துக் காட்டும் ஒரே அளவுகோல் எளிதில் விளங்கும், உற்பத்தியாளர்களும் தம் பொருள்களை மேம்படுத்த முனைவர் என்பது மறு தரப்பின் நிலை. இவ்வரைவுக்கு 14,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. அவற்றை ஆராய 2023 பிப்ரவரியில் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. மூன்று மாதங்களில் பரிந்துரைகளை அளிக்குமாறு 2025 ஏப்ரல் 9ஆம் நாள் நீதிமன்றம் பணித்தது. பின்னர் கால நீட்டிப்பும் தரப்பட்டது.

கருத்துகள் மிகுதியாக வருவதால் காலத்தாழ்வு நேர்கிறது என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்ட காலத்தில், உறையின் முன்பக்கத்தில் எதை எழுதுவது என்னும் முடிவு ஒரு சாராரின் கருத்தை மட்டும் கேட்டு விரைந்து எடுக்கப்படுமாயின், அதன் விளைவைப் பல்லாண்டுகள் சுமப்பவர்கள் நாமே. கெட்ட கொழுப்பாகிய டிரான்ஸ் கொழுப்புக்கு ஆணையம் வைத்த வரம்பு இதற்கு எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் 5 விழுக்காடாக இருந்த உச்சவரம்பு 2021இல் 3 ஆகவும், 2022 ஜனவரி முதல் 2 ஆகவும் குறைக்கப்பட்டது. படிப்படியாகக் குறைத்ததால் தொழிலுக்கு மாறிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. நுகர்வோரின் நலனும் காக்கப்பட்டது.

சிறுதொழில் செய்யும் வாடிக்கையாளர் கவனத்திற்கு

உணவு விதி நுகர்வோருக்கு உடல்நலச் செய்தி. சிறு உற்பத்தியாளருக்கோ அது நடைமுறை மூலதனத்தைத் தொடும் செய்தியும் ஆகும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம் தயாரித்து விற்கும் ஒரு மகளிர் குழுவை எண்ணிப் பார்ப்போம். உறைகளைக் குறைந்த விலையில் பெறுவதற்காக ஓராண்டுத் தேவையை மொத்தமாக அச்சிட்டு வைத்திருப்பார்கள். அச்சு எழுத்தின் அளவோ, ஊட்டச்சத்துப் பட்டியலின் வடிவமோ மாறினால், எஞ்சிய உறைகள் பயனற்றுப் போகும். கடனில் வாங்கிய சரக்கே அவ்வாறு தேங்கினால், தவணை செலுத்துவதிலும் இடர் நேரும். 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் தொழில்களை முறைப்படுத்தும் திட்டத்தில், தகுதியுள்ள திட்டச் செலவில் 35 விழுக்காடு, 10 இலட்சம் ரூபாய்க்கு மிகாமல், வங்கிக் கடனுடன் இணைந்த மானியம் வழங்க வழிசெய்யப்பட்டது. இத்தகைய உதவியுடன் முறைசார் தொழிலுக்குள் வருவோர் உரிமமும் பதிவும் பெறுவதோடு, தம் பொருளுக்குரிய வரைவுகளையும் கவனித்துவருதல் வேண்டும்.

காப்பித்தூள் வணிகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காப்பி வாரியம் பெங்களூருவில் அமைந்துள்ளது. வடிகட்டிக் காப்பி இந்நகரின் அடையாளங்களுள் ஒன்று. சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்பதை உறையில் எழுதியாக வேண்டும். இவ்வளவில் ஒரு சிறு மாற்றம் முன்மொழியப்பட்டாலும், மல்லேசுவரத்தில் வறுத்து அரைத்துக் கொடுக்கும் சிறு கடை முதல் குடகு, சிக்கமகளூரு தோட்டக்காரர் வரை பலரைத் தொடும். அதை முன்கூட்டி அறிந்து, எத்தனை மாத அவகாசம் வேண்டும் என்பதைக் கணக்குடன் எழுதுபவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பெரிய நிறுவனங்கள் வரைவுகளைப் படிப்பதற்கென்றே அலுவலர்களை வைத்துக்கொள்ள இயலும். சிறு உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடி ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைப்பது பயன்தரும்.

பயனுள்ள கருத்து எப்படி இருக்க வேண்டும்?

முதலாவதாக, புகாரையும் கருத்தையும் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு கடையில் கெட்டுப்போன பொருள் கிடைத்தது என்றால், அது புகார். மாநில உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ, ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலோ, 1800 11 2100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலோ அதைத் தெரிவிக்கலாம். விற்பவரின் 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண்ணையும், வாங்கியதற்கான சீட்டையும் இணைப்பது நலம். வரைவுக்கான கருத்து என்பது, விதி எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பற்றியது. இரண்டையும் ஒரே மடலில் கலந்தால் இரண்டும் உரிய இடத்தைச் சேரா.

இரண்டாவதாக, வரைவின் எந்தப் பிரிவைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். ‘எழுத்துகள் சிறியனவாக உள்ளன, கவனியுங்கள்’ என்பது பொதுவான குறை. ‘இன்ன பிரிவில் கூறப்பட்ட எழுத்து அளவு, சிறு பொட்டலங்களில் முதியோரால் படிக்க இயலாதது, ஆகவே அதை இவ்வளவாக உயர்த்துக, அல்லது சர்க்கரை, உப்பு ஆகிய இரண்டு அளவுகளையேனும் முன்பக்கத்தில் பெரிதாகக் காட்டுக’ என்பது செயற்படுத்தத்தக்க ஆலோசனை.

மூன்றாவதாக, காரணத்தைச் சான்றுடன் தருதல் வேண்டும். சான்று என்றவுடன் ஆய்வுக் கட்டுரையே வேண்டும் என்பதில்லை. வீட்டில் நாள்தோறும் பயன்படுத்தும் முறை, கடையில் பொருள் வைக்கப்படும் வெப்பநிலை, ஓர் உறையை அச்சிட ஆகும் செலவு ஆகியவையும் சான்றுகளே. நாட்டில் வழங்கும் பழக்கங்களைக் கணக்கில் கொள்ளுமாறு 18ஆம் பிரிவே ஆணையத்தைப் பணித்திருக்கிறது. அப்பழக்கங்களை மிக நன்கு அறிந்தவர்கள் அவற்றின்படி வாழ்பவர்களே.

நான்காவதாக, உடன்படும் பகுதிகளையும் எழுத வேண்டும். எதிர்ப்போர் மட்டுமே எழுதினால், நல்ல விதி ஒன்று நீர்த்துப்போக நேரிடும். ‘இப்பிரிவு இப்படியே இருக்கட்டும்’ என்னும் ஒரு வரியும் பதிவாகும் கருத்தே.

வரைவுடன் பெரும்பாலும் ஒரு படிவம் தரப்படும். மின்னஞ்சல் முகவரியும் அறிவிக்கையிலேயே இருக்கும். அஞ்சலில் அனுப்புவோர், தலைமைச் செயல் அலுவலர், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், எஃப்.டி.ஏ. பவன், கோட்லா சாலை, புது தில்லி 110 002 என்ற முகவரிக்கு அனுப்பலாம். அறிவிக்கையின் எண்ணையும் நாளையும் மேலே எழுதி, அனுப்பியதற்கான சான்றையும் ஒரு படியையும் வைத்துக்கொள்க.

மொழி ஒரு தடையா?

வரைவு அறிவிக்கைகள் அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. பெங்களூருவில் வாழும் தமிழருக்கும் கன்னடருக்கும் தெலுங்கருக்கும் இது ஒரு தடையே. மத்திய அரசின் சட்ட வரைவுகளை 30 நாள்களேனும் பொதுப்பார்வைக்கு வைத்து, எளிய மொழியில் விளக்கக் குறிப்பும் தர வேண்டும் என 2014 ஜனவரியில் வகுக்கப்பட்ட சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை கூறுகிறது. எளிய மொழி என்பது மக்களின் மொழியாகவும் இருக்கும்போதே அக்கொள்கையின் பயன் முழுமையாகும். தயிரின் பெயரைப் பற்றிய வரைவு தமிழிலும் கன்னடத்திலும் வீடுகளைச் சென்று சேர்ந்திருந்தால், எதிர்ப்பு அச்சகத்துக்கு முன்பே எழுந்திருக்கக்கூடும்.

எனினும் எழுதுவோர் தயங்க வேண்டியதில்லை. குறைகளைக் களைய வேண்டி அரசின் எந்த அலுவலருக்கும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையீடு அளிக்கும் உரிமையை அரசமைப்பின் 350ஆம் உறுப்பு வழங்குகிறது. தமிழில் எழுதி, சுருக்கமான ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்தால் பரிசீலனை விரைவாகும். குடியிருப்போர் சங்கமோ, நுகர்வோர் அமைப்போ, கல்லூரி மாணவர்களோ இம்மொழிபெயர்ப்புப் பணியில் துணைநிற்கலாம்.

அனுப்பிய கருத்து என்னவாயிற்று என அறிய விரும்புவோர், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய விவரங்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்பதும், பாதிக்கப்படுவோருக்கு முடிவுகளின் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவில் உள்ள கடமைகள்.

வருங்காலத் திட்டத்திலும் பங்கு வேண்டும்

இதுவரை கூறியவை தனித்தனி விதிகளைப் பற்றியவை. ஓர் உணவுப் பாதுகாப்பு அமைப்பு அடுத்த ஐந்தாண்டுகளில் எதற்கு முதன்மை தரப்போகிறது என்பது அவற்றினும் பெரிய வினா. கலப்படத்தைக் கண்டறியும் ஆய்வகங்களைப் பெருக்குவதா, தெருவோர வணிகர்களுக்குப் பயிற்சி அளிப்பதா, இணையவழி உணவு விற்பனையைக் கண்காணிப்பதா, சர்க்கரையையும் உப்பையும் குறைக்க முனைவதா? பணமும் ஆளும் அளவுக்குட்பட்டவை. ஒன்றுக்குக் கூடுதலாகத் தந்தால் மற்றொன்றுக்குக் குறையும்.

‘மேட் கவ்’ எனப்பட்ட மாட்டு நோயினால் மக்களின் நம்பிக்கை குலைந்த பின்னர், பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு உணவுத் தர முகமை தொடங்கப்பட்டது. அதன் ஆட்சிக்குழு பொதுமக்கள் காணும்வகையில் திறந்த கூட்டங்களை நடத்துகிறது. நீண்டகாலத் திட்டங்களையும் மக்கள் கருத்துக்கு வைக்கிறது. இழந்த நம்பிக்கையை மீட்க அந்நாடு தேர்ந்த வழி அது. நம் ஆணையமும் 2018 ஜூலையில் ‘ஈட் ரைட் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கி, நலமான உணவை மக்கள் இயக்கமாக்க முயன்றுவருகிறது. மக்கள் இயக்கம் என்றால், அதன் குறிக்கோள்களை வகுப்பதிலும் மக்களுக்கு இடம் இருத்தல் வேண்டும். சட்டம் குறிப்பிடும் பஞ்சாயத்துகளின் வழியாகவும், நகரங்களில் வார்டு குழுக்களின் வழியாகவும் இத்தகைய கலந்தாய்வு நிகழுமாயின், வி.வி.புரம் தின்பண்டத் தெருவில் தள்ளுவண்டி வைத்திருப்பவரும் அவரிடம் வாங்கி உண்பவரும் ஒரே அவையில் பேச முடியும்.

அதுவரை, கைக்கு எட்டிய வாய்ப்பை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை ஆணையத்தின் இணையத்தளத்தில் வரைவு அறிவிக்கைகளின் பட்டியலைப் பார்வையிடுங்கள். உங்கள் சமையலறையையோ தொழிலையோ தொடும் ஒன்றைத் தேர்ந்து, கெடு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவு, ஒரு மாற்று, ஒரு காரணம் ஆகிய மூன்றும் அடங்கிய அரைப்பக்க மடல் போதும். அது ஏற்கப்படலாம், ஏற்கப்படாமலும் போகலாம். ஆனால் குறித்த நாளுக்குள் சென்று சேர்ந்த ஒவ்வொரு மடலும் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது சட்டம் நமக்கு அளித்துள்ள உறுதி.